‘எங்கிருந்து?’ என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் புதுச்சத்திரம் நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். நம் நூலக உதவியாளர் பழனியம்மாள் அக்கா அலைபேசியில் அழைத்தார். “புஸ்தகத்தக் கொண்டாந்து குடுக்கறயா, இல்ல உங்க ஊட்டுக்கே வாரட்டுமா?” என்று மிரட்டுவதற்குத்தான் அவர் என்னை எப்போதும் அழைப்பார். அன்றைக்கும் அதுதான் என்று நினைத்து, “அக்கா, புஸ்தகத்த எலி தின்னுருச்சுங்க. எலியக் கொண்டாந்து குடுத்தா வரவு வெச்சுக்குவீங்களா?” என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “சாமி, நம்ம மேடம் போயிட்டாங்க சாமி” என்றார்.

“எங்கீங்கக்கா போனாங்க?” என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

“காலைல தொழுதுட்டு எந்திரிச்சவங்க அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாங்களாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

பேருந்து வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. ‘நூலகர் ஹமீதா மேடம் இன்று காலை காலமானார்’ என்று வகுப்புக் குழுவில் போட்டேன். முதலில் சிரிக்கும் முகங்கள் வந்தன. “டேய் தினேசு, டெஸ்ட்டத் தள்ளிவைக்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?” என்று சுகன்யா கேட்டாள். கார்த்தி ஒரே ஒரு சொல் போட்டான்: “எங்கிருந்து?”

யாரையும் குறை சொல்ல முடியாது. தேர்வு தள்ளிப்போனது என்று நான் சொன்னதை நம்பிப் பதினான்கு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டிருக்கிறார்கள். தமிழ் எடுக்கும் பூபதி ஐயாவுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று நான் கிளப்பிவிட்டதில், பெண்கள் எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கடிகாரம் இன்றும் ஆசிரியர் அறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே நான் பழனியம்மாள் அக்காவை மறுபடி அழைத்தேன். அழுதுகொண்டிருந்தவரிடம், “அக்கா, இப்ப சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன்” என்று கேட்டேன். அவர் சொன்னார். ஒருவருடைய அழுகையைச் சான்றாக இணைத்துத்தான் என்னால் ஒரு மரணத்தை நம்பவைக்க முடிந்தது. அதன் பிறகு குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

கார்த்தி கேட்ட அந்தச் சொல் மேடத்துடையது. அதற்காகவே அவருக்கு ‘எங்கிருந்து மேடம்’ என்று பெயர் வைத்தவன் நான். அவருக்கும் அது தெரியும்.

இந்த வலைப்பூவை இப்போதுதான் முதல் முறையாகத் திறக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சென்ற ஆண்டு, மூன்றாம் பருவத்தில், எங்கள் தமிழ் வகுப்புக்கு வந்த பூபதி ஐயா, “கட்டுரை ஏட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது” என்று சொல்லி, ஆளுக்கொரு பதிவு வலைப்பூவில் எழுத வேண்டும் என்றார். நிபந்தனை ஒன்றுதான். உங்கள் ஊரைப் பற்றி, இணையத்தில் இதுவரை இல்லாத ஒரு செய்தியாக இருக்க வேண்டும். ஐயாவுக்கு யோசனை மட்டும்தான் வரும், கணினி வராது. அவர் எங்களை வரிசையாக நூலகத்துக்கு அழைத்துப்போய், “மேடம், இதுங்கள எப்படியாவது எழுத வெச்சிருங்க” என்று ஒப்படைத்துவிட்டார். வலைப்பூ என்பது எங்களுக்கு வலை, ஐயாவுக்குப் பூ என்று நான் அன்றைக்குச் சொன்னேன். மேடம் சிரித்தார். “அத வேணும்னா மொதப் பதிவா போடு தம்பி. கீழ உம் பேரப் போட்டுக்க. நீ சொன்னதுதானே, வேற எங்கயும் எடுக்கலையே?” என்றார்.

நூலகத்தில் நான்கு கணினிகள். இரண்டு ஓடும். ஒன்று ஓடுவதுபோல் சத்தம் போடும். மேடத்தின் மேசையில் ஒரு பென்சில் இருக்கும். நாங்கள் திருடிவிடுவோம் என்று அதை நூலால் மேசைக்காலில் கட்டியிருப்பார். நூலகர் என்றால் எல்லாவற்றுக்கும் நூல்தான் என்றேன். அதற்கும் சிரித்தார். நாங்கள் எழுதி அனுப்புகிறதெல்லாம் அவருடைய கணக்கில் போய் நிற்கும். அவர் ஒவ்வொன்றையும் தாளில் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்து, பிறகுதான் பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு பதிவின் கடைசி வரியும் ‘எங்கிருந்து:’ என்று தொடங்க வேண்டும். அந்த வரி இல்லாமல் ஒரு பதிவும் வெளியே போகாது.

“படிச்சது, பாத்தது, கேட்டது. மூணுல ஒண்ணு சொல்லு. படிச்சதுன்னா எந்தப் புஸ்தகம், எத்தனாவது பக்கம். பாத்ததுன்னா என்னைக்கு, எங்க. கேட்டதுன்னா யார்கிட்ட, அவங்க போன் நம்பர் என்ன.” இதை அவர் வகுப்பில் சொன்னபோது நான் எழுந்து, “நாலாவதா ஒண்ணு இருக்குங்க மேடம். தோணினது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல் யோசித்தார். மறுநாள் வலைப்பூவில் ‘தோன்றியவை’ என்று புதிதாக ஒரு பக்கம் இருந்தது. “கதை, கவிதை எது தோணினாலும் அங்க போடு தம்பி. யாரும் எங்கிருந்துன்னு கேக்க மாட்டோம்” என்றார். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. அதில் நான் ஒரு வரிகூடப் போட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி தன் ஊர் ஏரியைப் பற்றி எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டு அனுப்பினான். நடுவில் ஓரிடத்தில் வேறு ஊர் ஏரியின் பெயரை மாற்ற மறந்துவிட்டான். மேடம் அவனைத் திட்டவில்லை. “கார்த்தி, உங்க ஊரு ஏரி பாதி தூரத்துல தஞ்சாவூருக்குப் போயிருதே, எப்படிப்பா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அவன் ஏரிக்கரையில் நின்று மதகைப் படமெடுத்துக்கொண்டு வந்தான். சுகன்யாவின் அப்பா போர்வெல் வண்டியில் வேலையாக ராஜஸ்தானில் இருக்கிறார். ரிக் வண்டிக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்கிற சொற்களைப் பற்றி அவள் எழுதினாள். ஒரு சொல்லுக்குப் பொருள் சரியா என்று கேட்க மேடம் அவரை அழைத்து இருபது நிமிடம் பேசினார். பின்னால் வண்டியின் இரைச்சல். மேடம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “அண்ணே, இன்னொருக்காச் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்று கத்திக்கொண்டிருந்தார். நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்று அவர் அப்படிக் கத்தியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சுகன்யா அழுதுவிட்டாள். அவளுடைய அப்பாவிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொண்டதில்லையாம்.

என் பதிவு ஐந்து முறை திரும்பி வந்தது. நாமக்கல் முட்டையைப் பற்றி எழுதினேன். ஏற்கெனவே இருக்கிறது என்றார். கோழியைப் பற்றி எழுதினேன். அதுவும் இருக்கிறது என்றார். எது முதலில் என்றாவது எழுதட்டுமா என்றேன். “போய் ஊரச் சுத்திப் பாத்துட்டு வா” என்றார். எனக்குக் கோபம். சுற்றிப் பார்க்க எங்கள் ஊரில் நெடுஞ்சாலையும் அதில் போகிற லாரியும்தான் இருக்கின்றன.

அப்போதுதான் அந்த மரத்தைச் செய்தேன். ஆம், செய்தேன் என்பதுதான் சரியான சொல்.

புதுச்சத்திரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கைவிட்ட பழைய சாலைத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் வளைவில் ஒரு புளியமரம் தப்பித்து நிற்கிறது. என் மாமாவுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அங்கே கழித்துப் போட்ட பக்கக் கண்ணாடிகள் குவியலாகக் கிடக்கும். மூன்றை எடுத்துப்போய்க் கட்டுக்கம்பியால் கிளையில் கட்டினேன். வெயில் பட்டதும் மரம் முழுக்க வெளிச்சம் ஆடியது. படமெடுத்தேன். சாலையில் இறந்துபோன ஓட்டுநருக்காக அவர் வண்டியின் கண்ணாடியைக் கொண்டுவந்து இந்த மரத்தில் கட்டுவது லாரிக்காரர்களின் வழக்கம் என்று எழுதினேன். பூசை இல்லை, பொங்கல் இல்லை, எந்தச் சாமியும் இல்லை, எந்த மதத்துக்காரரும் கட்டலாம், கட்டிவிட்டுப் பேசாமல் போய்விட வேண்டும் என்று எழுதினேன். ‘எங்கிருந்து: கேட்டது. பொன்னுசாமி, ஓட்டுநர், வயது எழுபது. அண்மையில் காலமாகிவிட்டார்’ என்று போட்டேன். காலமானவருக்குப் போன் நம்பர் கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மேடம் அச்செடுத்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பென்சிலைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நெசமாவே எல்லாரும் கட்டலாமா தம்பி? எங்காளுங்ககூட?”

“யாரு வேணும்னாலும் கட்டலாமுங்க மேடம்.”

அவர் பொத்தானை அழுத்திவிட்டார். ஐந்து முறை என்னைத் திருப்பி அனுப்பியவர், ஒரு சொல்லுக்காக ராஜஸ்தானுக்குப் போன் போட்டவர், பத்தே நிமிடத்தில் அழுத்திவிட்டார். நான் வெளியே வந்து கார்த்தியிடம், “எங்கிருந்து மேடத்துக்கே தண்ணி காட்டிட்டன்டா” என்று சொல்லிக் குதித்தேன்.

பதிவு பரவியது. ஓட்டுநர்களின் குழுக்களில் போனது. பின்னூட்டங்கள் வந்தன. இவ்வளவு வருடம் அந்த வழியாகப் போகிறேன், தெரியாமல் போய்விட்டதே என்று ஒருவர் எழுதினார். “மூணே மூணு கண்ணாடிதானா? உங்க வழக்கத்துக்கு வயசு ரொம்பக் கம்மியா இருக்குதே” என்று கார்த்தி சீண்டினான். ஆகவே இன்னொரு படம் போடுவதற்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலும் இரண்டு கண்ணாடிகளையும் குறடையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மரத்தில் நான்கு கண்ணாடிகள் இருந்தன.

நான் கட்டியது மூன்று. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நான்காவது, தாழ்ந்த கிளையில், கம்பியால் அல்ல, புடைவைக் கரையைக் கிழித்துக் கட்டப்பட்டிருந்தது. சட்டத்தின் பின்புறம் வெள்ளைச் சாயத்தில் ‘சேகர், கெங்கவல்லி’ என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல். அதன் மேல் கனகாம்பரம், காய்ந்து ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். விரிசலில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் மேடம். புதுச்சத்திரத்தில் இறங்கி அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். முக்காடு நனைந்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை. என் கையில் குறடு, காலடியில் இரண்டு கண்ணாடிகள், சுருட்டிய கம்பி.

“எங்கிருந்து தம்பி?” என்றார்.

“மரத்துல காய்ச்சதுங்க மேடம்” என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார், கீழே பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அவ்வளவில் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய மைல்கல் ஒன்று அங்கே சாய்ந்து கிடக்கிறது, அதில் உட்கார்ந்துவிட்டார்.

“பொன்னுசாமி?”

“அப்படி ஒருத்தரு இல்லீங்க மேடம்.”

“இந்த நாலும் நீ கட்டினதா?”

“மூணுதானுங்க. இத நான் கட்டலீங்க.”

எழுந்து வந்து நான்காவது கண்ணாடியின் பின்னால் இருந்த பெயரைப் படித்தார். புடைவைக் கரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். “இப்ப இத என்ன தம்பி பண்றது?” என்றார். அவருக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றை அவர் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சொன்னார். “உன்னுது மூணையும் கழட்டிரு. அதத் தொடாத. பதிவ அழிக்க வேணாம். கீழ அந்த வரிய மட்டும் மாத்து. மொத மூணும் நான் கட்டினேன், கதையும் நான் கட்டினேன், நாலாவது நான் கட்டலைன்னு எழுது. அந்தம்மா தெரிஞ்சுக்கிட்டு வந்து கழட்டறதும் விடறதும் அவங்க பாடு. ஆனா தெரியணும்.”

அவர் தோளில் இருந்த பையின் வாய் விலகி, உள்ளே ஏதோ பளிச்சென்று மின்னியது. கறுப்புச் சட்டத்தின் ஓரம். அவர் சட்டென்று முந்தானையை இழுத்து மூடினார்.

“பையில என்னங்க மேடம்?”

“நூலகத்துச் சாமான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில், புதுச்சத்திரத்தில், நூலகத்துச் சாமான். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதையும் என்னால்தான் சொன்னார்.

மூன்றையும் அன்றே கழற்றிவிட்டேன். வரியை மாற்றவில்லை. நாளை, நாளை மறுநாள், தேர்வு முடியட்டும். பூபதி ஐயா கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கிற வேலை. உண்மையைச் சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். என் சாக்குப்பை எப்போதும் நிறைந்தே இருக்கும். மேடம் நினைத்திருந்தால் ஒரு பொத்தானில் தானே மாற்றியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று ஒருமுறை துணிந்து கேட்டேன். “நான் மாத்தினா நீ மாட்டிக்கிட்டேன்னு ஆகும். நீ மாத்தினா நீ சொன்னேன்னு ஆகும். அவசரமில்ல, ஆனா ரொம்ப நாளும் இல்ல” என்றார். புதன்கிழமை எங்களுக்கு நூலக வகுப்பு. ஒவ்வொரு புதன்கிழமையும் என் பதிவின் அச்சுத்தாளை, கடைசி வரியை வெறுமையாக விட்டு, பென்சிலோடு என் முன்னால் வைப்பார். நான் அதில் ஒரு கண்ணாடி வரைவேன், ஒரு கோழி வரைவேன், திருப்பிக் கொடுப்பேன். அவர் வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொள்வார்.

பிறகு தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். முதல்வர் தன் அறைக்கு மேடத்தையும் பூபதி ஐயாவையும் என்னையும் அழைத்தார். என் பதிவைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து நுழைவாயிலில் வைக்கப்போவதாகச் சொன்னார். எனக்குப் போட ஒரு சால்வை மேசையில் தயாராக இருந்தது.

“அந்தப் பதிவ வைக்க வேணாங்க சார்” என்றார் மேடம்.

“ஏன்?”

“அது சரிபாக்கப்படாத பதிவு.”

“நீங்கதானேம்மா பாத்து ஓகே பண்ணினீங்க?”

“ஆமாங்க சார். என் தப்பு.”

முதல்வருக்குக் கோபம் வந்தது. ஊரே பாராட்டுகிற ஒன்றை நூலகரே கெடுக்கிறார் என்றார். பையன் பெயர் வாங்குவது பிடிக்கவில்லையா என்று கேட்டார். மேடம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு ஒரு சொல் எடுத்து வைக்கிற என் வாய் அன்று திறக்கவில்லை. அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புதன்கிழமை அச்சுத்தாளை வைத்துவிட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை. காத்திருக்கிற பார்வை. நான் சால்வையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். வலைப்பூப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறு துறைக்கு மாற்றினார்கள். அங்கே அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. உங்களில் பலருடைய பதிவுகள் அதன் பிறகு வெளியே வரவே இல்லை. எதனால் என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இதனால்தான். மேடம் குறிப்பாணைக்கு என்ன விளக்கம் எழுதிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. அதில் என் பெயர் இல்லை என்று மட்டும் பூபதி ஐயா சொன்னார்.

ஃபிளெக்ஸ் வைத்தார்கள். குழு வந்து போனது. நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வரும் புதன்கிழமை. நிச்சயமாக. அது நடக்கவில்லை. திங்கட்கிழமை காலை பழனியம்மாள் அக்கா அழைத்துவிட்டார்.

அன்று மதியம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் அவர் தெருவில், நாம் எல்லோரும் பந்தலுக்கு வெளியே நின்றோம். பெண்கள் மட்டும் உள்ளே போய் முகம் பார்த்தார்கள். சுகன்யா வெளியே வந்து, “தூங்கறாப்புல இருக்காங்க” என்றாள். அவரைச் சுமந்துபோன சந்தூக்கின் பின்னால் நாங்கள் நடந்தோம். மையவாடியில் அடக்கம் செய்தபோது, கடைசியாக ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, “பிள்ளைங்களா, நீங்களும் மண்ணு போடலாம், வாங்க” என்றார். எல்லோரும் மூன்று மூன்று கைப்பிடி போட்டார்கள். நான் வரிசையிலிருந்து விலகி நின்றுகொண்டேன்.

நான்காம் நாள், மேடத்தின் நூலகச் சாமான்களைக் கொடுப்பதற்காகப் பழனியம்மாள் அக்கா போனார். நானும் கூடப் போனேன். ஒரு சாப்பாட்டுப் பாத்திரம், ஒரு தொழுகை விரிப்பு, நூல் கட்டிய பென்சில். மேடத்தின் மகள் ஆயிஷா வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தத் துணிப்பை தொங்கியது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

“அது அத்தாவோட லாரிக் கண்ணாடிண்ணா” என்று தன் அப்பாவைச் சொன்னாள். “ஜவ்வரிசி ஏத்திக்கிட்டுப் போனப்ப ஆந்திராவுல அடிபட்டு மௌத்தாயிட்டாங்க. எனக்கு அப்ப நாலு வயசு. வண்டியில இது ஒண்ணுதான் உடையாம வந்துச்சு. அம்மா இத ஒரு மரத்துல கட்டப்போறேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனாங்க. திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்லல. அந்த மரம் உங்க ஊருப்பக்கந்தானாமே? அம்மா நெனப்பா நானாச்சும் போயிக் கட்டலாம்னு இருக்கேன். கூட்டிட்டுப் போறீங்களா?”

சரி என்று சொல்லியிருக்கலாம். மிக எளிது. அவளும் கட்டியிருப்பாள், மரமும் நம்பியிருக்கும். பழனியம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் சொன்னேன். பட்டறை, கம்பி, பொன்னுசாமி, மைல்கல், சால்வை, எல்லாம்.

“அப்ப அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்?”

“தெரியும்.”

“வெயில்ல போயிட்டு வந்து ரெண்டு நாள் எந்திரிக்காமக் கெடந்தாங்க. குறிப்பாணை வந்தன்னைக்குச் சாப்பிடவே இல்ல. அப்பவும் உங்க பேரச் சொல்லல?”

“சொல்லல.”

“நீங்களும் சொல்லல.”

“இல்ல.”

“போயிட்டு வாங்கண்ணா” என்றாள். கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள். படியிறங்கும்போது பழனியம்மாள் அக்கா என் கையை விட்டிருந்தார். பேருந்து வந்ததும், “மனுசனாடா நீ?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறிப்போனார். நான் அடுத்த பேருந்தில் வந்தேன்.

மேடத்தின் இழுப்பறையைக் காலி செய்தபோது என் அச்சுத்தாள்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. கோழி வரைந்தவை, கண்ணாடி வரைந்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தந்தப் புதன்கிழமையின் தேதியைப் பென்சிலால் குறித்திருக்கிறார். மேலே ஒரு புதிய தாள். தேதி மட்டும் முன்கூட்டியே எழுதியிருக்கிறது, அடக்கம் முடிந்து வந்த புதன்கிழமையின் தேதி. கீழே ‘எங்கிருந்து:’ என்ற சொல்லும் அதற்குப் பின் வெற்றிடமும். அதை நான் வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். சால்வையை முதல்வர் அறையில் வைத்துவிட்டேன். பூபதி ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பதிவை வெளியிட்டால் அவருக்குத் தொல்லை வரும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போடு” என்றார். வலைப்பூவை வைத்திருக்கும் துறையில் கேட்டு அதன் கடவுச்சொல்லையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

மேடத்தை அறிந்தவர்களே, இது அவருக்கு நான் செய்கிற அஞ்சலி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவர் வைத்த தாளை நிரப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். பழைய பதிவின் அடியிலும் இதே வரியைப் போட்டுவிட்டேன். சேகருக்காகக் கட்டிய அந்த அம்மாள் கெங்கவல்லியில் இருந்து இதைப் படித்தால், அல்லது அவருக்குத் தெரிந்த யாராவது படித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். அவர் என்னை என்ன கேட்டாலும் நான் நின்று கேட்டுக்கொள்வேன்.

எங்கிருந்து: பார்த்தது. புதுச்சத்திரம் பழைய சாலை, புளியமரம், இன்று காலை. முதல் மூன்று கண்ணாடிகளைக் கட்டியவன் நான், கழற்றியவனும் நான். வழக்கம் என்று எழுதியதும் பொன்னுசாமியும் என் புனைவு. நான்காவதை நான் கட்டவில்லை. இப்போது மரத்தில் ஆறு கண்ணாடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் நான் கட்டியதல்ல. மேடம் பையில் கொண்டுவந்தது அவற்றில் இல்லை.